கலியபெருமாள் பேரில் ஒரு கொடுவா

கடற்பாசி கொதிக்கும் வாசனை. அதற்கென்று பெரிய மணம் ஒன்றும் கிடையாது. வெயிலில் காயும் ஈரக்கயிறு கொஞ்சம், வடித்த கஞ்சி கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் பினாங்கில் தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான் நின்றிருக்கும். அம்மா பச்சையும் சிவப்புமாக அகார் அகார் கிண்டி, தட்டில் ஊற்றி, ஆறுவதற்குள் எத்தனை விரல்கள் அதைக் குத்திப் பார்க்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டு காவலுக்கு நிற்பார். புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அதே வாசனை வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"யார் இங்கே இனிப்பு கிண்டுவது?" என்று கேட்டுவிட்டேன்.

"இனிப்பு இல்லண்ணா. மீன் ரத்தத்துக்கு மெத்தை," என்றாள் உள்ளே இருந்த பெண். அவள்தான் கல்பனா. முத்தியால்பேட்டைக்காரி, அப்பா மில் மூடும்வரை அங்கே தறியில் நின்றவர். வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு சீப்பும் ஒரு பேருந்துச் சீட்டும் எட்டிப் பார்த்தன.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் தங்கை மாலதி. பினாங்கில் மீன் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஊரில் சியாக்காப் என்று எலுமிச்சைச் சாறும் பச்சை மிளகாயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் தருகிறார்களே, அந்த மீன்தான் இங்கே கொடுவா. அங்கே கடலில் கூண்டு கட்டி வளர்க்கிறார்கள், விற்கிறார்கள், நோய் வந்தால் கூண்டோடு இழக்கிறார்கள். அந்த மீனின் உடம்புக்குள் பரம்பரையாக எழுதியிருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துவிட வேண்டும் என்று மாலதியின் கூட்டமும் இங்கத்திய கூட்டமும் சேர்ந்து கிளம்பியிருக்கின்றன. கூண்டு மீனை மட்டும் வாசித்தால் போதாது. வங்கக் கடலில் தானாகப் பிறந்து தானாக வளர்ந்த ஒன்றையும் வாசிக்க வேண்டும். மாலதிக்கு ஏழாம் மாதம். விமானம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குளிர் குறையாமல் வந்து சேர வேண்டிய ஒரு மருந்துப் பெட்டியோடு, வீட்டில் கால் தரிக்காத ஆளான என்னை அனுப்பிவிட்டாள்.

கல்பனா பெட்டியைத் திறந்து பார்த்து, பனி இன்னும் உருகவில்லை என்றதும், என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கையில் விமானத்தில் கொடுத்த வேர்க்கடலை வாசனை வேறு.

"அந்த எழுத்தெல்லாம் இருக்கிற டி.என்.ஏ. நூல் ரொம்ப நீளம்ணா, ரொம்ப மெல்லிசு," என்று விளக்கினாள். "தண்ணியில விட்டா அறுந்துடும். உசுரோட இருக்கிற மீன்ல ரத்தம் எடுத்து, சூடு தணிஞ்ச பாசியில கலந்து, குட்டிக் குட்டிக் கட்டியா உறைய விட்டுடணும். அப்புறம் நீங்க கொண்டாந்த மருந்துல ஊறப் போட்டா, மத்ததெல்லாம் கரைஞ்சு நூல் மட்டும் உள்ள அப்படியே இருக்கும். கட்டிய ஐதராபாத்துக்கு அனுப்பினா அங்க மெஷின்ல வாசிப்பாங்க."

மீன் இந்த நாட்டை விட்டுப் போகாது. வாசித்த எழுத்துகள் மட்டும்தான் கணினி வழியாக மாலதிக்குப் போகும். அதிலும், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்து மீனுக்கு மட்டுமே அனுமதி வாங்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கட்டிகள் ஐதராபாத் போய்ச் சேராவிட்டால் வேறொரு கடற்கரையின் மீனை எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் கல்பனாவின் தற்காலிக வேலையும் அதோடு முடிந்தது. மாதக் கடைசி அந்த வாரத்தில்தான் இருந்தது. மருந்துப் பெட்டி தாமதமாகக் கிளம்பியது எங்கள் பக்கத்துக் குறை. அதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் காலையிலேயே மீன் கிடைத்துவிட்டது. முகத்துவாரத்துக் குப்பத்தில் ஏழுமலை என்று ஒரு மீனவர். கல்பனாவுக்கு ஏற்கனவே பழக்கம். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெள்ளி உருக்கி வார்த்தது போல ஒரு கொடுவாவை விட்டுக் கொடுத்தார். தொட்டியை ஆட்டோவில் ஏற்றினோம். நானும் கல்பனாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டோம்.

"கல்யாணப் பொண்ண ஏத்தியிருக்கேன், பிரசவத்துக்கு ஏத்தியிருக்கேன், மீனுக்குத் தனி சவாரி இதான் மொத தபா," என்றார் ஆட்டோக்காரர். "ஏசி போடவா?"

பினாங்கில் சாலை வளைந்தால் முன்கூட்டியே பலகை சொல்லும். இங்கே சாலையே எழுந்து நின்று சொல்கிறது. அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டி, வண்ணம் பூசாத வேகத்தடை ஒன்றில் ஆட்டோ ஏறி விழுந்தபோது தொட்டியின் தண்ணீர் முழுவதும் என் மடியில் இருந்தது. மீன் ஆட்டோக்காரரின் மடியில் இருந்தது. அவர் ஹாண்டிலை விட்டுவிட்டு அதைக் கட்டிப்பிடிக்க, அது அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டுச் சாலையில் குதித்தது. ஸ்கூட்டரில் வந்த ஒரு அம்மாள் நிறுத்தி, "கிலோ என்னா வெல?" என்று கேட்டார். பக்கத்து டீக்கடையிலிருந்து தண்ணீர் வருவதற்குள் மீன் அடங்கிவிட்டது. செத்த மீனின் இரத்தம் உறைந்துவிடும்; அந்த நூலுக்கு உதவாது.

கல்பனா சாலையோரத்தில் உட்கார்ந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூடினாள். "இது போச்சுண்ணா," என்றாள். பிறகு ஆட்டோக்காரரிடம், "நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணா, வீணாக்க வேணாம்."

"எடுத்துட்டுப் போறேன். ஆனா ரோட்டுல கெடச்சுதுன்னா என் பொண்டாட்டி நம்புவாளா? கன்னத்துல வேற அடி வாங்கியிருக்கேன்."

அவர் சவாரிக்குக் காசு வாங்கவில்லை. என்னை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, ஈர வேட்டிக்காகத் தன் துண்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

விடுதிக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படி ஓய்வூதியம் வாங்குபவர்களை இந்த ஊரில் சொல்தா என்கிறார்கள். தொலைபேசியில் பிரான்சில் இருக்கும் மகளோடு பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையால் போனின் வாயை மூடி, "உங்க வேட்டியப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், மிசியே," என்று மொழிபெயர்த்தார். அன்று மதியம் நீளமான ரொட்டியைப் பிய்த்து மத்திமீன் குழம்பில் தோய்த்துத் தின்னக் கற்றுக்கொடுத்தார். மேலே முறுகல், உள்ளே பஞ்சு, புளியைக் குடித்து வீங்கிய பஞ்சு. பினாங்கின் ரொட்டி சானாய்க்கு நான் செய்யும் துரோகம் என்று ஒருபக்கம் தோன்றினாலும் மூன்றாவது துண்டையும் கேட்டு வாங்கினேன்.

அடுத்த நாள் காற்று. ஆற்றின் வாய் முழுக்கக் கலங்கல். ஏழுமலை வலையை வீசி வீசி, மடவையும் பொடி மீனுமாக எடுத்தார். கல்பனா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: இனி மீனை ஊருக்குள் கொண்டுபோவதில்லை, ஆய்வுக்கூடத்தைக் கரைக்குக் கொண்டுவருவது. பனிப்பெட்டி, ஊசி, இரத்தம் உறையாதிருக்க மருந்து, மீனை மயங்கவைக்கக் கிராம்பு எண்ணெய். மீனைத் தொட்டித் தண்ணீரில் விட்டு அதில் சில துளி கலந்தால் தூங்கிவிடுமாம். எங்கள் தீவின் மலைச்சரிவில் கிராம்பு மரங்கள் உண்டு. அதன் எண்ணெயைப் பல்வலிக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

"நாளைக்கு விழும்," என்றார் ஏழுமலை. "காத்து மாறுது. கவலப்படாம வாங்க."

மறுநாள் காற்று மாறியிருந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது. ஆனால் கரையில் படகுகள் எல்லாம் வரிசையாக ஏறி நின்றன. ஒரு வலைகூட நனையவில்லை. தூரத்தில் பறைச்சத்தம்.

"பெரியவரு கலியபெருமாள் காலையில தவறிட்டாரு," என்றார் ஏழுமலை. தலையில் துண்டில்லை, குரலில் நேற்றைய தெம்பு இல்லை. "ஊர்ல சாவு விழுந்தா தொழிலுக்குப் போவக் கூடாது. நாளைக்குப் பால் தெளிச்சப்புறம்தான்."

கட்டிகள் மருந்தில் ஓரிரு நாளாவது ஊறியே தீர வேண்டும்; இன்று இரத்தம் எடுத்தால்தான் மாதக் கடைசிக்குள் போய்ச் சேரும். நாளை என்பது கல்பனாவுக்கு இல்லை. அதைச் சொல்லி ஒரு சாவு வீட்டின் முன் நிற்க அவளால் முடியவில்லை. பனிப்பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்கண்ணா, மாலை ஒண்ணு வாங்கிப் போட்டுட்டுக் கெளம்பிடலாம்," என்றாள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வெளியூர்க்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பாகக் கேட்டால் மன்னித்துவிடுவார்கள். "பஞ்சாயத்தார் யாராவது இருக்கிறார்களா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

கோயில் நிழலில் ஐந்தாறு பேர் பெரியவரின் எடுப்புக்கான ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், கண் அறுவை செய்துகொண்டவர், அவர்தான் தலைவர். ஏழுமலை விஷயத்தைச் சொன்னார்.

"மீனு எதுக்கு? விக்கவா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க," என்றாள் கல்பனா.

"திங்கவா?"

"இல்லைங்க."

"விக்கவும் இல்ல, திங்கவும் இல்ல. அப்பறம் அந்த மீன எதுக்கும்மா புடிக்கிற, கூட உக்காந்து பேசவா?"

ஒருவர் சிரித்துவிட்டுப் பறைச்சத்தத்தின் பக்கம் திரும்பி, நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்பனா பொறுமையாகச் சொன்னாள். ரத்தம், அதற்குள் இருக்கும் எழுத்து, கூண்டு மீன், கடல் மீன். அவர்கள் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

"சரி. ரத்தம் எடுத்தா மீனு செத்துடுமா?"

கல்பனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டத்தில் மீன் சாக வேண்டும். இரத்தத்தோடு ஈரல், தசை எல்லாவற்றையும் எடுத்து, உடலை ஜாடியில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஏதாவது பிசகினால் மறுபடி எடுப்பதற்கு அதுதான் கையிருப்பு. பொய் சொல்ல எளிதான இடம் அது.

"சாவும்ங்க. நாங்க கொன்னுதான் எடுக்கிறதா இருந்தோம்."

தலைவர் தலையாட்டினார். "ஊருல ஒரு உசுரு போயிருக்கு. அந்த நாள்ல இன்னொண்ண கொல்லுறதுக்கு நான் எப்படி சரின்னு சொல்லுவேன்?"

காற்று கோயில் கொடியைத் தட்டிக்கொண்டிருந்தது. கல்பனா பனிப்பெட்டியின் பட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"கொல்லலைங்க," என்றாள். "வால்கிட்ட ஒரே ஒரு ஊசி. எடுத்துட்டு உசுரோட ஆத்துலயே விட்டுடுறேன்."

ஈரலும் ஜாடியும் மறுமுயற்சியும் அந்த ஒரு வாக்கியத்தில் போயின. ஒரே ஊசி. வந்தால் வந்தது. அவள் அதை எவ்வளவு யோசித்துச் சொன்னாள் என்று தெரியாது.

பெரியவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். தலைவர் திரும்பினார். "தொழிலுக்குத்தான் தடை. விக்காம, திங்காம, கொல்லாம புடிச்சா அது தொழில் இல்ல. ஆனா படகு எறக்கக் கூடாது, கரையில நின்னு வீசு. வலையில வேற எது விழுந்தாலும் தண்ணிக்கே போவணும். அதுக்கு முன்னால சாவு வூட்டுல ஒரு வார்த்த கேளுங்க. அவங்க வேணாம்னா வேணாம்."

சாவு வீட்டில் பந்தல், நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியவர். மாலையைப் போட்டோம். மகள் தனம் பெண்களின் வட்டத்துக்கு நடுவே, மற்றவர்களின் தோளில் கைபோட்டு அழுதுகொண்டிருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஏழுமலை சைகை காட்ட, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள். கல்பனாதான் கேட்டாள், கேட்கும்போதே, "வேணாம்னா பரவாயில்லக்கா, நான் கோவிச்சுக்க மாட்டேன்," என்று இரண்டு முறை சொன்னாள்.

தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உசுரோட விட்டுருவியா?"

"விட்டுருவேன்க்கா."

"எங்கப்பன் பொறந்ததுலேர்ந்து ஒரு மீன விட்டதில்ல. சின்னத விடுப்பான்னா, பெருசானா எவனோ புடிப்பான், நாமளே புடிப்போம்பாரு." அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவரு பேரால ஒண்ணாச்சும் தண்ணிக்குப் போவட்டும். போ, புடி."

ஏழுமலை முழங்கால் ஆழத்தில் நின்று வீச்சு வலையை வீசினார். வலை வானத்தில் விரிந்து ஒரு கணம் வட்டமாக நின்றது. பினாங்கில் கூண்டுகளின் நேர்கோடுகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பூ. முதல் வீச்சில் மடவைகள். விட்டார். அடுத்ததில் கொழுத்த நண்டுகள்.

"ஐயோ, நண்டு! நண்டையுமா விடணும்?" என்றார் ஏழுமலை.

"விடணும்ணா," என்றாள் கல்பனா.

"நண்டுக்கு ரத்தமே கெடையாதே!"

"பஞ்சாயத்துல சொன்னது நண்டுக்கும் சேத்துதான்," என்று கரையிலிருந்து யாரோ சொன்னார்கள். எடுப்புக்கு நேரம் இருந்ததால் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். ஏழுமலை ஒவ்வொரு நண்டையும் பெயர் சொல்லி அழாத குறையாக விட்டார். பிறகு இறால் வந்தது. கரையில் நின்றவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வாழ்நாளில் விட்டுப் பழகாத கைகள், விடும்போது விரல் விரலாகத் திறந்தன.

வெயில் ஏறியது. வலை விரிந்தது, விழுந்தது, வெறுமையாக வந்தது. கல்பனா தண்ணீரின் விளிம்பில் குத்துக்காலிட்டு, தொட்டியின் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு வலை கனத்தது. ஏழுமலையின் தோள் ஒருபக்கம் சாய்ந்தது. "வந்துட்டான்," என்றார், மிக மெதுவாக, சாவு வீட்டில் பேசுவது போலவே.

கொடுவா. போன மீனைவிடக் கொஞ்சம் சிறியது. தொட்டியில் விட்டு, கிராம்பு எண்ணெயைக் கலக்க, அது சாய்ந்து படுத்தது. ஈரத்துணியில் கிடத்தி நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். கல்பனா வாலடியில் ஊசியை இறக்கினாள். ஒன்றும் வரவில்லை. ஊசியை வெளியே எடுக்காமல், ஒரு நெல் அளவு சாய்த்தாள். கருஞ்சிவப்பாக இரத்தம் ஏறியது. மருந்துக் குழாயில் ஊற்றி, பனியில் வைத்து மூடிவிட்டு, "போதும்," என்றாள். இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

மீனை ஆற்றில் விட்டபோது அது மிதந்தது. வயிறு மேலே.

கல்பனா உடையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, வாய்க்குள் நீர் போகுமாறு முன்னே தள்ளிக்கொண்டு நடந்தாள். திரும்பி நடந்தாள். பனிப்பெட்டியில் அவளுக்கு வேண்டியது பத்திரமாக இருந்தது; நேரம் போகப் போக அதுவும் கெடும். அவள் அவசரப்படவில்லை. செவுள் ஒருமுறை திறந்தது. நெடுநேரம் கழித்து இன்னொருமுறை. பிறகு அவள் கைகள் வெறுமையாக இருந்தன. தண்ணீரில் ஒரு சுழி மட்டும்.

"போயிட்டான்!" என்றார் ஏழுமலை. யாரோ கைதட்டினார்கள். பறை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் பனிப்பெட்டியோடு மேலேறி வந்தபோது, அதே ஆட்டோக்காரர் நின்றிருந்தார். கல்பனா சொல்லி வைத்திருக்கிறாள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் இறங்கி, வண்டியைக் கையால் தள்ளி ஏற்றினார்.

அன்று மாலை அந்தச் சிவப்பு, பாசிக்குள் குட்டிக் குட்டிக் கட்டிகளாக உறைந்தது. அவை ஊறும்வரை எனக்கு வேலை இல்லை. கடற்கரைச் சாலையில் நடந்தேன். சொல்தாவோடு ரொட்டி தின்றேன். ஏழுமலையின் வீட்டிலிருந்து வந்த நண்டுக் குழம்பைச் சாப்பிட்டேன். பால் தெளித்து ஊர் தொழிலுக்குப் போனபிறகு பிடித்த நண்டு, நியாயமான நண்டு. என் தங்கைக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "நீ ஏன் அழுகிறாய்?" என்று கேட்டாள். நான் அழவில்லை, உறைப்பு.

மருந்திலிருந்து எடுத்த ஒரு கட்டியைக் கல்பனா சோதித்துப் பார்த்தாள். நூல் அறுபடவில்லை. ஐதராபாத்திலிருந்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள். வாசிக்கப்போவது இந்த முகத்துவாரத்து மீன்தான். அதை வாசித்து முடிக்கும்வரை கல்பனாவுக்கு வேலையும் உண்டு. ஈரலும் ஜாடியும் இல்லாதது பற்றிக் கேட்டார்களாம். "அது ஆத்துல இருக்குன்னு சொன்னேண்ணா," என்றாள்.

நான் கிளம்பும் நாளில் இருவரும் தனத்தின் வீட்டுக்குப் போனோம். பந்தல் பிரித்திருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு. கல்பனா செய்தியைச் சொன்னாள். தனம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுவிட்டு, படத்தின் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றாள்.

எழுந்தோம். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பினாங்கிலும் அதே வழக்கம்தான். இருவரும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம்.

"நில்லுங்க," என்று பின்னாலிருந்து தனத்தின் குரல். வாசற்படியில் நின்றிருந்தாள். "எல்லாரும் வாயத் தொறக்காமப் போறாங்க. நீங்களும் அப்படியே போனா, எங்கப்பன் மீனுக்குள்ள என்னா எழுதியிருக்குன்னு எனக்கு யாரு வந்து சொல்லுறது? வரேன்னு சொல்லிட்டுப் போங்க."

உள்ளே இருந்த ஒரு கிழவி, "ஏய் தனம், ஆகாதுடி," என்றாள்.

"ஆவும். நீ சும்மா இரு."

கல்பனா என்னைப் பார்த்தாள். பிறகு தனத்தைப் பார்த்தாள்.

"போய்ட்டு வரேன்க்கா."

"வா கண்ணு," என்றாள் தனம்.